வெள்ளி நானோகம்பி மென்படலங்களின் மின்கடத்தல்: வலையமைப்பும் சந்திப்புகளும்

முன்னுரை

தொடுதிரை, சூரிய மின்கலம், ஒளியுமிழ் டையோடு ஆகியவற்றுக்கு ஒளியை ஊடுருவ விட்டு, மின்சாரத்தையும் கடத்தும் மென்படலம் தேவைப்படுகிறது. இத்தேவையை நெடுங்காலமாக இண்டியம் வெள்ளீய ஆக்சைடு நிறைவு செய்து வருகிறது. எனினும் இண்டியம் அரிதாகக் கிடைக்கும் தனிமம். அதன் ஆக்சைடுப் படலமோ வளைத்தால் விரிசலுறும். ஆகவே வெள்ளி நானோகம்பிகளைக் கொண்ட படலங்கள் மாற்றாக ஆராயப்படுகின்றன. இவற்றின் மின்கடத்தல் வெள்ளியின் அளவைக் காட்டிலும் கம்பிகளின் வலையமைப்பையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதையும், மின்கடத்து எண் ஒன்றை மட்டும் கொண்டு இப்படலங்களை ஒப்பிடுவது பொருந்தாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊடுகசிவும் தொடக்க வரம்பும்

தாங்கு தளத்தின்மீது கம்பிகள் ஒழுங்கின்றிப் பரவிக் கிடக்கின்றன. அவை குறைவாக இருக்கும்போது தனித்தனித் தீவுகளாக நிற்கும். படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு குறிப்பிட்ட செறிவை எட்டியதும் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை தொடர்பாதை உருவாகிறது. இதனை விளக்குவது 1957இல் பிராட்பெண்ட், ஹேமர்ஸ்லி ஆகிய இருவரும் வகுத்த ஊடுகசிவுக் கோட்பாடாகும். ஒழுங்கின்றிக் கிடக்கும் மெல்லிய குச்சிகளுக்கு, ஓரலகுப் பரப்பிலுள்ள குச்சிகளின் எண்ணிக்கையை நீளத்தின் இருமடியால் பெருக்கக் கிடைக்கும் மதிப்பு ஏறத்தாழ 5.64ஐ எட்டும்போது இத்தொடர்பாதை தோன்றுகிறது.

இதிலிருந்து பயனுள்ள ஒரு முடிவு கிடைக்கிறது. 50 நானோமீட்டர் விட்டமும் 10 மைக்ரோமீட்டர் நீளமும் கொண்ட கம்பிகள், தளத்தின் பரப்பில் சுமார் 2.8 விழுக்காட்டை மூடும்போதே தொடர்பாதை உருவாகிவிடும். நீளத்தை 20 மைக்ரோமீட்டராக்கினால் 1.4 விழுக்காடே போதும். எஞ்சிய பரப்பின் வழியே ஒளி ஊடுருவுகிறது. நீண்ட, மெல்லிய கம்பிகளை ஆய்வாளர்கள் நாடுவதற்கு இதுவே காரணம்.

தொடக்க வரம்பிற்குச் சற்று மேலே, வரம்பைக் கடந்த செறிவின் ஏறத்தாழ 1.3ஆம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் மின்கடத்தல் உயர்கிறது. செறிவு வரம்பின் 1.1 மடங்கிலிருந்து 1.2 மடங்காகும்போது வெள்ளி 9 விழுக்காடே கூடுகிறது. மின்கடத்தலோ ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. ஆகவே இப்பகுதியில் தயாரிப்பில் நேரும் சிறு வேறுபாடும் முடிவில் பெரிதாக வெளிப்படும்.

சந்திப்புகளின் மின்தடை

தொடர்பாதை இருப்பதனாலேயே மின்தடை குறைந்துவிடாது. பருமப்பொருளாக உள்ள வெள்ளியின் மின்தடை எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், 50 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பியின் ஒரு மைக்ரோமீட்டர் நீளம் சுமார் 8 ஓம் தடையைத் தரும். கம்பியின் விட்டம் வெள்ளியில் எலக்ட்ரான்களின் சராசரி மோதலிடைத் தூரத்தை நெருங்குவதால், மேற்பரப்புச் சிதறல் இதனை மேலும் உயர்த்தும். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் சந்திப்புகளின் தடை இதனினும் பன்மடங்கு மிகுதியாக அமையக்கூடும். பாலியால் முறையில் கம்பிகளை வளர்க்கும்போது சேர்க்கப்படும் பாலிவினைல்பைரோலிடோன் அவற்றின்மீது மெல்லிய காப்புறையாகத் தங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றினால் இவ்வுறை தளர்ந்து, கம்பிகள் சந்திப்புகளில் உருகியிணைகின்றன. ஆனால் வெப்பம் மிகுந்தால், வெள்ளியின் உருகுநிலையாகிய 961 டிகிரியை எட்டுவதற்கு வெகு முன்பே, மேற்பரப்பு இழுவிசை கம்பிகளைத் துளிகளாகத் துண்டித்துவிடும். இச்சிக்கலுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒளிவழிப் பற்றவைப்பு முறையைத் தீர்வாக முன்வைத்தனர். ஒளி, சந்திப்பின் நுண்ணிடைவெளியில் குவிந்து அவ்விடத்தை மட்டும் சூடாக்குகிறது. இடைவெளி இணைந்ததும் வெப்பமும் தணிகிறது. இரு படலங்களில் வெள்ளியின் அளவு ஒன்றாயினும், சந்திப்புகளின் நிலை வேறுபட்டால் மின்தடையும் வேறுபடும் என்பதை இம்முறைகள் காட்டுகின்றன.

எவ்வெண்ணைக் குறிப்பது?

மின்கடத்து எண்ணைக் கணக்கிடப் படலத்தின் தடிமன் தேவை. வலையமைப்பிற்கோ தெளிவான தடிமன் இல்லை. தள மின்தடை சதுரத்திற்கு 20 ஓம் எனவும், கம்பிகள் மூடிய பரப்பு 10 விழுக்காடு எனவும் கொள்வோம். கம்பியின் விட்டமாகிய 50 நானோமீட்டரைத் தடிமனாக எடுத்தால் மின்கடத்து எண் மீட்டருக்கு 10 இலட்சம் சீமென்ஸ் ஆகும். இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தின் 100 நானோமீட்டரை எடுத்தால் அது 5 இலட்சமாகக் குறைகிறது. வெள்ளி முழுவதையும் சீராகப் பரப்பினால் கிடைக்கும் சுமார் 4 நானோமீட்டரை எடுத்தால் 1.2 கோடியைத் தாண்டுகிறது. படலம் ஒன்றே, கிடைக்கும் எண்களோ மூன்று. அவற்றுள் மிகப்பெரியது மிகச்சிறியதைப்போல் இருபத்தைந்து மடங்கு.

தள மின்தடைக்கு இக்குறை இல்லை. நான்முனை முறையாலோ, 1958இல் வான் டெர் பாவ் வெளியிட்ட முறையாலோ தடிமனை அறியாமலேயே அதனை அளந்துவிடலாம்.

முடிவுரை

நானோகம்பிப் படலத்தில் மின்கடத்தல் என்பது உலோகத்தின் பண்பு மட்டுமன்று. கம்பிகளின் நீளம், விட்டம், செறிவு, சந்திப்புகளின் நிலை ஆகியவை கூடி உருவாக்கும் வலையமைப்பின் பண்பாகும். ஆகவே ஆய்வு முடிவுகளை வெளியிடுவோர் தள மின்தடையையும் ஒளி ஊடுருவு விழுக்காட்டையும் இணைத்தே தருதல் வேண்டும். கம்பியின் அளவுகள், செறிவு, சூடேற்றிய முறை ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். மின்கடத்து எண்ணைத் தருவதாயின் எத்தடிமனைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதைச் சொல்லுதல் இன்றியமையாதது. இவ்விவரங்கள் இல்லாதவிடத்து, இரு படலங்களுள் எது சிறந்தது என்ற ஒப்பீட்டிற்கு அடிப்படை இல்லாமற் போகும்.