கட்டாயம் யாருக்கு?

சம்பளச் சீட்டைக் கையில் பிடித்தபடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை வாசலில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார்: “நோய் நொடி என்று நான் படுத்ததே இல்லை. நான் கேட்காத இ.எஸ்.ஐ.க்கு என் கூலியில் கைவைப்பானேன்? இது என்னங்க கட்டாயம்?”

கோபம் நியாயமான கோபம்! வியர்வை சிந்திப் பெற்ற கூலியில் ஒரு காசு குறைந்தாலும் உழைப்பவன் உள்ளம் குமுறத்தான் செய்யும். கட்டாயம் என்ற சொல்லும் நமக்கு இனிக்கிற சொல்லல்ல. ஆனால் அந்தக் கட்டாயம் யாரைக் கட்டுகிறது? தொழிலாளியையா, முதலாளியையா? அதைப் பார்த்துவிட்டுக் கோபப்படுவோம்.

2019 ஜூலையில் வகுத்த கணக்குப்படி, நூறு ரூபாய் கூலிக்குத் தொழிலாளி தருவது முக்கால் ரூபாய். முதலாளி தருவது மூன்றேகால் ரூபாய். மாதம் 12,000 ரூபாய் கூலி என்றால் தொழிலாளி பங்கு 90. முதலாளி பங்கு 390. அந்த 390ஐக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். தோழர் கண்ணில் பட்டது 90, படாமற்போனது 390!

கிடைப்பது என்ன? அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியவர் நோயில் படுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை நூற்றுக்கு எழுபது வீதம் கூலி. வேலையில் அடிபட்டால் தொண்ணூறு வீதம். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக் கூலி. கந்துக்காரன் வாசலில் தாலியை அடகு வைக்கும் அவலத்துக்கு இது ஓர் அணை!

“நல்லதுதான், விரும்புகிறவர் சேரட்டுமே, வேண்டாதவரை விட்டுவிடலாமே” என்பர் சிலர். கேட்க இனிக்கும் பேச்சு. நோயாளி மட்டுமே சேர்ந்தால் நிதி எத்தனை நாள் நிற்கும்? திடமானவன் தரும் காசுதான் இன்று படுத்தவனுக்கு மருந்து. நாளை அவனே படுத்தால், இன்னொருவன் காசு அவனுக்கு மருந்து. அது மட்டுமா? “வேண்டாம் என்று எழுதிக் கொடு, இல்லையேல் வேலை இல்லை” என்று முதலாளி தாளை நீட்டினால், பசித்த வயிறு என்ன செய்யும்? கையெழுத்துப் போடும்! அதற்குப் பெயர் விருப்பமா?

புதுவைத் தொழிலாளிக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில், 1936 ஜூலை 30 அன்று, துப்பாக்கிக் குண்டுக்குப் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பலியாயினர். எட்டு மணி நேர வேலை அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. மறு ஆண்டு அது சட்டமாயிற்று. அந்தச் சட்டமும் கட்டாயந்தான்! விரும்பினால் எட்டு, விரும்பினால் பன்னிரண்டு என்று விட்டிருந்தால், விருப்பம் யாருடையதாக இருந்திருக்கும்? வலியவனைக் கட்டும் கயிறுதான் எளியவனுக்கு வேலி.

1911இல் பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்புறுதியும் இதே வழிதான்: ஆண் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, அரசாங்கம் 2. நாலைக் கொடுத்து ஒன்பதைப் பெறும் ஏற்பாடு! நம் நாட்டில் 1948இல் சட்டம் வந்தது; 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் குடிபுகுந்தது. வீடு மாறிற்று, முதலாளியின் கடமை மாறவில்லை.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு! மருந்தக வாசலில் நீளும் வரிசை குறை. மருந்துச் சீட்டு இருக்க மருந்து இல்லாதது குறை. 2017 ஜனவரியில் 21,000 ரூபாயில் வரம்பு போட்டார்கள். சிறிது கூலி உயர்ந்தவன் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே விழுவது பெருங்குறை. வரிசையைக் குறைக்கப் போராடுவோம்; வரிசையை விட்டு ஓட வேண்டாம்.

இவற்றினும் கொடிது, ஏட்டில் பெயரே இல்லாமை. முதலியார்பேட்டை ஏ.எப்.டி. ஆலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலில் நுழைந்த காலத்தில், ஆளை மறைப்பது எளிதன்று. 2020இல் அந்த ஆலை மூடப்பட்டது. சிறு பட்டறைகளில் நிலைமை வேறு. பத்துப் பேர் இருந்தால் சட்டம் பாயும். ஆகவே பன்னிருவர் உழைக்க, ஏட்டில் ஒன்பது பெயர்! கேட்டால், “அவன் ஒப்பந்தக்காரன் ஆள்” என்று பதில். ஒப்பந்தக்காரன் ஆளுக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டியவர் ஆலை முதலாளியே.

எனவே தோழரே, “என் 90 எங்கே போகிறது?” என்று மட்டும் கேளாதீர். “அவருடைய 390 வந்து சேர்ந்ததா? என் காப்புறுதி எண் என்ன? என் பக்கத்தில் நிற்பவன் பெயர் ஏட்டில் உண்டா?” என்றும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் வரும்; சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். கட்டாயம் நமக்கல்ல, அவர்களுக்கு! அதை நிறைவேற்ற வைப்பதுதான் நம் கடமை.