வளையலை எடுத்தது யார்?
துப்பறியும் நாவல் எழுத விரும்பும் அன்பர்களுக்கு

நம் சங்கத்து நூலகத்தில் அட்டை கிழிந்து, தையல் விட்டு, ஓரங்கள் கறுத்துக் கிடக்கும் புத்தகங்கள் எவை என்று பார்த்தால், அவற்றுட் பாதிக்கு மேல் துப்பறியும் நாவல்களாகவே இருக்கும். கம்பராமாயணப் பதிப்பும் திருவாசக உரையும் புத்தம் புதியனவாய் அலமாரியில் வீற்றிருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைவீதியில் இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்து வீடு திரும்புகிறவருக்கு, இரவு பத்து மணிக்கு மேல் தமிழிலே ஒரு கொலை நடந்து, உறங்குவதற்குள் அதற்கு விடையும் கிடைத்துவிடுமானால், அதுவும் ஓர் ஆறுதலே அன்றோ!

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகம் திருப்பித் தர வந்த இளநங்கை ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு நோட்டுப் புத்தகத்தை நம் மேசைமீது வைத்தார். வங்கியிலே பணி புரிபவர். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பிலேதான் தமிழ் எழுதக் கற்றவர்.

"ஐயா, ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை."

படித்துப் பார்த்தோம். நடை நன்றாகவே இருந்தது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் நாற்காலியில் இறந்து கிடக்கிறார், மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது.

"கொன்றவர் யார், அம்மா?" என்று கேட்டோம்.

"அது எனக்கே இன்னும் தெரியவில்லை, ஐயா."

இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் போன பின்பு யோசித்துப் பார்க்கையில், எழுதத் தொடங்கும் பலரும் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே என்று தோன்றிற்று. தாம் எழுப்புகிற கேள்வி இன்னதென்று அவர்கள் முடிவு செய்துகொள்வதில்லை. காதற்கதையைக் கடற்கரையிலே நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், வாசகர் பொறுத்துக்கொள்வார். குற்றக்கதையை அப்படி நிறுத்த இயலாது. கேட்ட கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். புதிதாக எழுதுவோர்க்கு இத்துறை நல்ல பயிற்சிக்கூடம் என்று நாம் கருதுவதும் அதனாலேயே.

கேள்வி மாறினால் கதையின் வகையும் மாறும். இதை விளக்க, நாமறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம்.

நாற்பதாண்டுகளுக்கு முன், இந்நகரம் பம்பாய் என்றே வழங்கிய காலத்தில், நாம் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் ஒரு ஜோடித் தங்க வளையல் காணாமற் போயிற்று. கட்டடம் முழுவதும் நம்மவர்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் பால்காரர், வேலைக்காரம்மாள், மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு கொண்டுவரும் ஒரு பையன். அவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. யார் முதலில் சொன்னார்கள் என்பது நினைவில்லை. மாலைக்குள் எல்லாரும் அதையே சொன்னோம். அவன் தங்கியிருந்த இடத்திற்குப் போய், அவனை அருகில் நிறுத்திக்கொண்டே அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சட்டைகள், ஒரு விபூதிப் பொட்டலம், தாயார் யாரையோ கொண்டு எழுதுவித்த ஒரு கடிதம். அவ்வளவே. மறுநாள் அவன் சம்பளம் வாங்காமலே போய்விட்டான். நான்கு திங்கள் கழித்து நவராத்திரிக்காகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கியபோது, செட்டியார் பொம்மையைச் சுற்றியிருந்த பழந்துணியில் வளையல்கள் இருந்தன. அவ்வீட்டுப் பெரியம்மா பத்திரத்துக்கென்று வைத்து மறந்திருக்கிறார். பையனுடைய ஊர் முகவரி மெஸ்காரரிடமும் இல்லை. பெட்டியைத் திறந்தவர்களுள் நாமும் ஒருவர்.

இனி, இதனை நாவலாக்க வேண்டுமானால் எப்படித் தொடங்குவது?

"எடுத்தது யார்?" என்று கேட்டால் அது நம் வாசகர்கள் நன்கறிந்த பழைய வகை. 1841-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ, பாரிஸ் நகரத்தில் பூட்டிய அறைக்குள் நடந்த கொலைகளைப் பற்றி எழுதிய கதையே இதற்கு மூலமென்பர். அகதா கிறிஸ்டி அம்மையார் இதனைக் கைதேர்ந்த ஆட்டமாக்கினார். ஒரு வீடு, அதற்குள் எட்டுப் பத்துப் பேர், அவர்களுள் ஒருவர் குற்றவாளி. துப்பறிபவர் காணும் தடயம் ஒவ்வொன்றும் வாசகர் கண்ணிலும் படவேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் தலையாய விதி. ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் இதற்குப் பத்துக் கட்டளைகளே வகுத்துவிட்டார். நம் கட்டடத்துக் கதையை இவ்வகையில் எழுதினால், ஒரே மாடிப்படியில் யார் எப்போது ஏறினார், யார் எப்போது இறங்கினார் என்பதைக் கொண்டே நூறு பக்கம் ஓட்டலாம். பொம்மைப் பெட்டியை மட்டும் மூன்றாம் பக்கத்திலேயே வாசகருக்குக் காட்டிவிடவேண்டும். ஒட்டடை அடிக்கும் வேலையோடு சேர்த்து, அவர் கவனியாதபடி காட்டவேண்டும். கடைசியில் திடீரென்று இறக்கினால் அது மோசடி.

"எடுத்தவர் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அகப்படுவது எப்படி என்று காட்டுவோம்" என்றால் அது தலைகீழ் வகை. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1912-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதி ஒன்றில் இம்முறையைச் செய்துகாட்டினார். மர்மம் போய்விட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. திருடன் மாட்டிக்கொள்வானோ என்று வாசகர் திருடனுக்காகவே கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

காவல் நிலையத்து வேலையையே கதையாக்குவது மற்றொரு வகை. புகார் எழுதுதல், பஞ்சநாமா, அடகுக்கடைகளில் விசாரணை, மேலதிகாரியின் சிடுசிடுப்பு எல்லாம் இதில் வரும். அமெரிக்காவில் எட் மெக்பெயின் 1956-இல் இவ்வகையில் ஒரு வரிசையைத் தொடங்கினார். சுவீடனில் மாய் ஷோவாலும் பெர் வாலூவும் இணையராய் அமர்ந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினர். நாட்டின் நிலைமையையே அவற்றில் விசாரணைக்கு உட்படுத்தினர். டாஷியல் ஹாமெட்டின் கரடுமுரடான தனித்துப்பறிவாளர் கதைகளும் உண்டு. அவை பெருநகரத்து இரவுகளின் கதைகள். நம் வளையல் அந்தப் பாரத்தைத் தாங்காது. நீதிமன்றக் கதைக்கு நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' இருக்கிறது.

"நாம் ஏன் அந்தப் பெட்டியைத் திறந்தோம்?" என்று கேட்டால்? இங்கே கதை வேறு வகைக்குத் தாவிவிடுகிறது. குற்றம் திருட்டன்று, சந்தேகமே குற்றம். ஜார்ஜ் சிமெனானின் மெக்ரே என்ற அதிகாரி, தடயங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்வதைவிட, குற்றம் நடந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் வாழ்கிற வகையை மோப்பம் பிடிப்பதையே பெரிதாக எண்ணுபவர். பாட்ரிசியா ஹைஸ்மித் அம்மையாரோ நம்மைக் குற்றவாளியின் உள்ளத்திற்குள்ளேயே குடியேற்றிவிடுகிறார். வளையல் கதையை இந்த வகையில் எழுதுவதே கடினம். நாற்பதாண்டுகளாக நாம் எழுதாமல் விட்டதற்குக் காரணமும் அதுவே.

யார்மீது சந்தேகத்தை ஏற்றுகிறோம் என்பது வெறும் உத்தியன்று. வில்கி காலின்ஸ் 1868-இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்னும் நாவலைக் கவனியுங்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையிட்ட வைரம், பின்னர் இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து காணாமற் போகிறது. உடனே பிடித்து அடைக்கப்படுகிறவர்கள், ஊருக்குள் வந்திருந்த மூன்று இந்தியர்கள். அவர்கள் எடுத்திருக்க இயலாது என்று தெரிந்ததும், முன்னொரு காலத்தில் திருடித் தண்டனை பெற்ற பணிப்பெண்மீது துப்பறிபவரின் கண் விழுகிறது. அயலான், அப்புறம் வேலைக்காரி! எடுத்தவர் யார் என்பதை இங்கே சொல்லி உங்கள் இன்பத்தைக் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வரிசையைப் படித்தபோது நமக்குத் தகரப் பெட்டியே நினைவுக்கு வந்தது. மலிவான கதைகளில் அயல்நாட்டானும் சமையற்காரனும் எளிதாகக் குற்றவாளி ஆகிவிடுவார்கள். பிறமொழியினர் நடுவே வாழும் நாமே பல இடங்களில் அந்த அயலான்தான். வேற்றூர்க்காரன் என்பதற்காக வீட்டுக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்ததை அறியாதவர் நம்முள் யார்?

தொடங்கும் வழிக்கு வருவோம்.

எல்லாரும் ஓய்வாக அமர்ந்து எழுதியவர்கள் என்று எண்ணவேண்டாம். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் டார்க்கீ நகர மருத்துவமனையின் மருந்தறையில் வேலை பார்த்தவர். சுற்றிலும் விஷப்புட்டிகள், ஆதலால் விஷக் கொலையே எழுதுவது என்று முடிவு செய்தார். துப்பறிபவராக யாரைப் போடுவது? அவ்வூரில் அந்நாளில் பெல்ஜியத்து அகதிகள் வந்து குடியேறியிருந்தனர். ஆகவே ஊரிழந்து வந்த ஒரு பெல்ஜியக்காரரே எர்க்யூல் புவாரோ ஆனார். 1916-இல் எழுதிய அந்நாவலைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. நூலாக வெளிவந்தது 1920-இல். அதிலும் பதிப்பாளர் இறுதி அத்தியாயத்தை மாற்றச் சொன்னார். நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் நின்று புவாரோ உண்மையை விளக்குவதாக எழுதியிருந்ததை, வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி விளக்குவதாக மாற்றினார். பின்னாளில் உலகமெல்லாம் பார்த்துப் பழகிய அந்தக் கூடக்காட்சி, ஒரு திருத்தத்தால் பிறந்தது!

பி. டி. ஜேம்ஸ் அம்மையாருக்குக் கணவர் நோயாளி, இரண்டு பெண் குழந்தைகள், மருத்துவமனை நிர்வாகத்தில் உத்தியோகம். விடியற்காலையில் எழுந்து எழுதி, பின்பு வேலைக்குப் போவார். முதல் நாவல் வெளிவந்தபோது ஆண்டு 1962. அவருக்கு வயது 40-ஐக் கடந்துவிட்டது. ரேமண்டு சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனி வேலையை இழந்த பின்னரே எழுத வந்தார். அவர் செய்த பயிற்சி ஒன்று நம்மவர்க்கும் உதவும். பிடித்த கதை ஒன்றைச் சுருக்கி எழுதிக்கொண்டு, மூலத்தை மூடிவைத்துவிட்டு அச்சுருக்கத்திலிருந்து தாமே கதையை முழுதும் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடுவார். எங்கே தோற்றோம் என்பது அப்போது தெரியும். அவருடைய முதல் நாவல் வந்தது 1939-இல், 50-ஆம் வயதில்.

நம் நாட்டிலேயே பாருங்கள். வங்காளத்தின் வியோம்கேஷ் பக்ஷியைப் படைத்த சரதிந்து பந்தியோபாத்தியாயர் பிறந்தது ஜான்பூரில். திரைப்படக் கதைகள் எழுதுவதற்காகப் பம்பாய்க்கு வந்து, பிறகு புனேயில் நிலைத்தவர். அவரும் ஒரு புலம்பெயர்ந்தவரே. 1932-இல் தோன்றிய அந்த வியோம்கேஷ் தன்னைத் துப்பறிபவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சத்யான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவன் என்பான். கல்கத்தாவில் ஒரு மெஸ்ஸிலே வேறு பெயரில் வந்து தங்கியே அவன் நமக்கு அறிமுகமாகிறான். தமிழில் சுஜாதா அரசுப் பணியிலும், பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் இருந்துகொண்டேதான் கணேஷையும் வசந்தையும் ஓயாமல் வேலை வாங்கினார்.

எனவே இடத்தைத் தேடி அலைய வேண்டாம். கீட்டிங் என்ற ஆங்கிலேயர் பம்பாயைக் கண்ணாலும் காணாமல் 1964-இல் இன்ஸ்பெக்டர் கோட்டேயைப் படைத்துப் பரிசும் பெற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே இங்கு வந்து பார்த்தார். அது அவர் திறமை. நமக்கு அந்த வித்தை எதற்கு? லண்டன் பனிமூட்டத்தைத் தமிழில் இறக்குமதி செய்வதைவிட, தண்ணீர் வரும் நேரம், எடுப்புச் சாப்பாட்டு அடுக்கு மாறிப்போவது, மாற்றலாகிப் போன குடும்பம் விட்டுச்சென்ற பூட்டிய அறை, இவை நம் கையிலேயே இருக்கின்றன.

எழுதுமுன் இரண்டு கதைகளை வகுத்துக்கொள்ளவேண்டும். குற்றம் உண்மையில் நடந்த கதை ஒன்று. அது வெளிப்படும் கதை மற்றொன்று. முதற்கதையை நாள், மணி குறித்து ஒரே தாளில் எழுதி, ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்தில் எங்கிருந்தார் என்று அட்டவணை போட்டுவிட்டால், பொய் சொல்கிறவர் யாரென்று எழுதுகிறவருக்காவது தெரிந்துவிடும். அப்புறம் நாளொன்றுக்கு 300 சொற்கள் போதும். 200 நாளில் 60,000 சொற்கள். அது ஒரு நாவல். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் இன்னும் கொஞ்சம் கூடவே எழுதலாம்.

இவ்வளவையும் அந்த வங்கி அம்மையாரிடம் அடுத்த ஞாயிறன்று சொன்னோம். வளையல் கதையையும் சொன்னோம். அவர் அதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்து, "அந்தப் பையனுக்குப் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டார். நமக்கு நினைவுக்கு வரவில்லை. மெஸ்ஸில் எல்லாரும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டோம்.

ஓய்வு பெற்ற அதிகாரியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, அவர் புதிய நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறார். அட்டவணையை அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.