உடம்பின் கணக்கு – 9: பழைய ரிப்போர்ட் எங்கே?

அஞ்சுகிராமம் ஜங்ஷனில் காலை ஏழு மணிக்கெல்லாம் லேப் வாசலில் ஆள் நிற்கும். அழகப்பபுரத்துக்காரர், மயிலாடிக்காரர், மாவட்ட எல்லை தாண்டிக் கூடங்குளம் பக்கமிருந்து வந்தவர் என்று எல்லாருமே வெறும் வயிறு. ரத்தம் கொடுத்ததும் நேரே கடைக்குப் போய் புட்டும் பயறும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. மத்தியானத்துக்குள் தாள் கைக்கு வந்துவிடும். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்ல, நார்மல்தான்" என்றால் அந்தத் தாளின் ஆயுள் அதோடு முடிந்தது. கோளாறு காட்டிய தாளைத்தான் நம் ஆட்கள் மஞ்சள் பையில் சுற்றி பீரோவுக்கு மேலே வைப்பார்கள். நார்மல் தாளில் வடை மடிக்கலாம்.

நான் எதிர்க்கட்சி. பத்திரப்படுத்த வேண்டியது நார்மல் தாளைத்தான் என்பேன்.

கணக்குக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். 45 வயதில் அவருக்குச் சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் 0.8. ஐம்பதாவது வயதில் பார்த்தால் 1.2. பல லேப்களில் ஆண்களுக்கு 1.3 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். ஆகவே தடித்த எழுத்தும் விழாது, நட்சத்திரக் குறியும் விழாது. ஆனால் வயதையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டால் (இஜிஎஃப்ஆர் என்று சில லேப்கள் போட்டே தருகின்றன) 110 பக்கம் இருந்தது 74-க்கு இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டு தாளிலும் 'நார்மல்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். முந்தின நாள் இறைச்சியை ஒரு பிடி பிடித்திருந்தாலும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடும் என்பதால் உடனே பதற வேண்டாம். திரும்ப ஒருமுறை பார்த்து, பழைய தாளோடு டாக்டரிடம் போகலாம். பழைய தாள் இருந்தால்.

இந்த 'நார்மல்' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பரிசோதனைகளில், ஆரோக்கியமான ஆட்கள் பலருடைய ரத்தத்தைப் பார்த்து, இரண்டு ஓரங்களையும் வெட்டி, நடுவில் வரும் 95 சதவீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். அதாவது ஒரு கோளாறும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஏதாவது ஒன்றில் நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு. 'எண்பது டெஸ்ட், ஒரே விலை' என்று செல்போனில் வரும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நட்சத்திரத்துக்கு ஒரு ஸ்கேன், ஸ்கேனில் தெரிந்த புள்ளிக்கு ஊசி, ஊசிக்கு நாகர்கோவிலுக்கு நாலு நடை.

தென்கொரியாவில் இது நாடு முழுக்க நடந்தது. 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அதில் சேர்த்தியில்லை. ஆனாலும் கொஞ்சம் காசு கூடப் போட்டால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்துத் தந்தார்கள். 2011-இல் தைராய்டு புற்று கண்டுபிடிக்கப்படும் வீதம் 1993-ஐப்போலப் பதினைந்து மடங்கு ஆகிவிட்டது. அந்த நோயால் சாகிறவர்கள் வீதம் அசையவே இல்லை. கழுத்தில் தழும்பும் ஆயுளுக்கும் மாத்திரையுமாக ஆயிரக்கணக்கான பேர் மிச்சம்.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கேரளத்தில் 25.5. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் சாப்பாட்டு இலை எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பரிசோதனைக்கு முந்தின மூன்று நாளும் மரச்சீனிக் கிழங்கையும் கருப்பட்டிக் காப்பியையும் ஒதுக்கி, லேப்பை ஏமாற்றுகிற சாமர்த்தியசாலிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் சிவப்பணு நாலு மாதம் வாழும், அதில் ஒட்டின சர்க்கரை அதுவரை போகாது. அதை அளப்பதுதான் ஹெச்பிஏ1சி. 5.7-லிருந்து 6.4 வரை விளிம்பு, 6.5-உம் அதற்கு மேலும் நோய். இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் இது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

விளிம்பிலேயே தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். மாத்திரை இல்லாமலே கிடைத்த வித்தியாசம் இது.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. தேசியத் திட்டத்தில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப்புற்று, பெண்களுக்கு மார்பகப்புற்று, கருப்பைவாய்ப்புற்று என ஐந்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க ஏற்பாடு உண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு வீட்டுக்கே பிரஷர் மெஷினோடு ஒரு அக்கா வருகிறார். அளந்து சொல்லிவிட்டுப் போகிற எண் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? "போன மாசம் எவ்வளவு பெரியம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் கூடத்தான் சொன்னா மக்கா" என்பார்கள்.

அந்தக் கொஞ்சத்தை எழுதிவைக்க நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எந்த லேப், வெறும் வயிறா, என்ன மாத்திரையில் இருக்கிறோம். முடிந்தவரை ஒரே லேப்பில் பாருங்கள். லேப் மாறினால் எண்ணும் சற்று மாறும். வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை என்றால் வீட்டில் 135/85. பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்து நாற்காலியில் விழுந்ததும் எடுத்த எண்ணுக்காக மாத்திரை கூட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் முன்னால் மட்டும் ஏறுகிற பிரஷரைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.