பிரயாணக் கட்டணத்தில் அடங்காதவை

பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஓர் அமைப்பாளருக்குப் பணம் கட்டி, வேன் ஏறி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தையும், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களையும், செண்பகத்தோப்பின் மரச்செறிவையும் படமெடுத்துத் திரும்பும் புகைப்படச் சுற்றுலா இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் செலுத்தும் தொகை அமைப்பாளரின் சேவைக்கு உரிய விலையே தவிர, அவ்வூர் மக்களின் முகங்களுக்கோ, மலைக்காட்டுப் பிராணிகளுக்கோ கொடுத்த விலை அல்ல என்பதை வேனில் ஏறுமுன்பே தெளிந்துகொள்வது எல்லோருக்கும் க்ஷேமம்.

சத்திரப்பட்டி விசைத்தறிக் கூடமொன்றில் நுழைந்தால், தறியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள் தறி ஓட்டும் பெண்ணின் தலைமயிரிலும் புருவத்திலும் படிந்து, ஜன்னல் வெயிலில் பளிச்சிடுவதைக் கண்டால் காமிராக்காரரின் விரல் துடிப்பது இயல்பே. ஆனால் கூடத்தின் முதலாளி அனுமதித்தது உள்ளே வருவதற்குத்தான். அது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகிவிடாது. ஒருவருடைய உருவத்தை அவருடைய சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ உபயோகிப்பது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான்; ஆட்டோ சங்கர் வழக்கு என்று ஜனங்கள் அதை அறிவார்கள். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே நிலைநிறுத்தியது. குளிக்கும் அல்லது உடை மாற்றும் பெண்ணை, தன்னை எவரும் பார்க்கமாட்டார்கள் என்று அவள் நம்பியிருக்கும் நிலையில் படமெடுப்பவருக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. குழந்தைகளைப் படமெடுக்குமுன் பெற்றோரைக் கேட்பது, சட்டம் சொல்லித்தான் செய்யவேண்டிய மரியாதை அன்று.

கோபுரத்தை வீதியில் நின்று எவரும் படமெடுக்கலாம். கோயிலுக்குள்ளே கைப்பேசிக்கே தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

செண்பகத்தோப்புக் காட்டின் விஷயம் இன்னும் கண்டிப்பானது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று ஏற்பட்ட இந்தச் சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தில் புகைப்படம் எடுக்கச் செல்வதற்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்கிறது. “எல்லாம் பேசி வைத்திருக்கிறேன்” என்னும் அமைப்பாளரின் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. நுழைந்தவர்மேலேயே வழக்கு வரும், மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ நேரலாம். பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதைக்கூட அச்சட்டம் வேட்டை என்றே கணக்கிடுகிறது. இந்த அணிலோ, அபாயம் வந்தால் கிளைக்குக் கிளை தாவித் தப்புவதற்காக, மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடும் உச்சியில் சுள்ளியும் இலையும் சேர்த்துக் கூடு கட்டும் பிராணி. நல்ல படத்துக்காக இடைமறைக்கும் கிளையை ஒடிப்பவர் அதன் தப்பும் வழியையே ஒடிக்கிறார்.

ஓடைக் கரையில் முக்காலியை ஊன்றுமுன் மேற்கே மலையைப் பாருங்கள். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் அத்தகைய திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் வனத்துறை பாதையை அடைத்தால், கட்டிய பணம் வீணாகிறதே என்று வாதாடுவது விவேகமாகாது.

அந்தப் பணத்துக்கு வேறு பரிகாரம் இருக்கிறது. வாக்களித்த தங்குமிடமும் வழிகாட்டியும் அனுமதியும் கிடைக்காமற்போனால், அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் முறையிடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதனாலும் பயனில்லையேல், இரண்டாண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே விளம்பரத் தாள், பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதி ஆகியவற்றை அழித்துவிடாமல் வைத்திருத்தல் அவசியம்.

அமைப்பாளர்கள் பலரும் நினைத்துப் பாராத ஒன்றும் உண்டு. பிரயாணி எடுத்த படம் பிரயாணிக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அவர் கையெழுத்திட்டு எழுதித் தராதவரையில் அந்த உரிமை பிறருக்கு மாறாது. எழுதித் தந்தாலும், காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்குமேல் செல்லாது. அடுத்த ஆண்டின் விளம்பரத்தில் அப்படத்தை வெளியிட விரும்பும் அமைப்பாளர், எடுத்தவரிடம் மாத்திரமன்றி, படத்திலுள்ள அந்தத் தறிக்காரப் பெண்ணிடமும் கேட்டாகவேண்டும்.