சோளகமும் அம்பாவும்

கற்பிட்டிக் கரைக்கு இன்று வெளிநாட்டார் காற்றைத் தேடி வருகிறார்கள். காற்றினாலேயே இக்கரைக்குத் தள்ளப்பட்டு வந்த பழைய பயணி ஒருவரும் உளர். அவர் மொரோக்கோ நாட்டவரான இபுன் பதூதா. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரை நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பல், காற்று மாறியதால் இலங்கைப் பக்கம் வந்து சேர்ந்தது. சிவனொளிபாத மலை தொலைவிலே புகைத் தூணாய்த் தோன்றியதை அவர் தம் பயண நூலிற் குறித்துள்ளார். இது கடற்கொள்ளைக்குப் பேர்போன அரசனின் துறை என்று மாலுமிகள் அஞ்சினராம். ஆனால் இறங்கியவர் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினரானார். அவர் பத்தளா என்று குறிப்பிடும் பட்டினம் நமது புத்தளமே என்பது அறிஞர் கருத்து. பாரசீகம் அறிந்த அம்மன்னன் முத்துக்களைக் காட்டி உபசரித்தபோது, மலைமேலுள்ள பாதத்தைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார் பதூதா. மன்னனும் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே உடன் அனுப்பிவைத்தான்.

துணிகரப் பயணம் என்ற சொல் இன்று விளம்பரங்களிற் பெரிதும் அடிபடுகிறது. பதூதாவைவிடத் துணிகரமான பயணி எவரென்று எனக்குத் தெரியவில்லை. அவரே ஊரவர் துணையோடுதான் இந்நாட்டிற்குள் நடந்தார். இன்றைய பயணியோ கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து, விடுதியில் இறங்கி, கடலில் விளையாடி, அதே வாகனத்தில் திரும்புகிறார். இடையிலுள்ள ஊர்கள் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகின்றன.

அவரை ஈர்க்கும் காற்றைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். கற்பிட்டிக் குடாநாடு ஓர் ஒடுங்கிய மணல் நாக்கு. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மே முதல் ஒக்டோபர் வரை சோளகம் ஓயாது வீசுகிறது. காற்று வலிதாக இருந்தாலும் மணற்றிட்டுகளின் மறைவிலே தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வலிய காற்றும் அலையற்ற நீரும் ஓரிடத்திற் கூடுவது அரிது. பலகையிற் கால்களைப் பொருத்தி, பெரும் பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்க நீரின்மேல் விரைந்து செல்லும் கைட் சேர்பிங் விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நவம்பரில் வாடை தொடங்கக் கடல் அடங்கும். அப்போது வேறொரு கூட்டம், ஓங்கில்கள் நீரைவிட்டு எழும்பிச் சுழல்வதைப் பார்க்க வள்ளமேறும். 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப் பாறைத் தொகுதியும், 1676இல் ஒல்லாந்தர் கட்டிமுடித்த கோட்டையும் பார்ப்போர் பார்ப்பர்.

துண்டுப் பிரசுரங்கள் இத்தோடு நின்றுவிடும். பட்டம் பறக்கும் அதே சோளகக் காலத்திற்றான் இக்கரையின் பெருவிழாக்கள் வருகின்றன என்பதை அவை சொல்வதில்லை. உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் பாரதக் கதையோடு இணைந்த பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் நடைபெறும். ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் ஆலயத்திலும், ஆவணியில் முன்னேஸ்வரத்திலும் சனம் திரளும். கடல் கொந்தளித்து வலை ஓய்ந்து மீனவர் கரையில் நிற்கும் மாதங்கள் இவை. தெய்வத்துக்குரிய நாட்களைக் காற்றும் ஓரளவு வகுத்திருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

வாடைக் காலத்தில் உடப்பின் காட்சி வேறு. கடல் அடங்கியதும் கரைவலை இறங்கும். வலையை வளைத்துப் போட்டபின் அதன் இரு கயிறுகளும் தூரத்தூர இரு இடங்களிற் கரையேறும். இரு வரிசையாக ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க வரிசைகள் நெருங்கிவந்து ஈற்றில் மீன் நிறைந்த மடி கரைசேரும். இதற்கு மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் அத்தனை கைகளையும் ஒன்றாக்குவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். அந்த வாங்கலிலேதான் இழுவை விழும். அடியெடுப்பவர் அதற்குள் தெய்வத்தை அழைப்பார், காதலைச் சொல்வார், சம்மாட்டியின் கைக்கஞ்சத்தனத்தை அவர் காதுபடவே குத்திக் காட்டுவார். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நான் வகுப்பிற் கற்பிக்கிறேன். கயிறு பிடித்தவனுக்கு இரங்க நேரமில்லை என்பதை அம்பாவைக் கேட்டவர் அறிவர்.

இப்பாட்டு இப்போது இரு பக்கமும் நெருக்கப்படுகிறது. இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கும் வழக்கம் வந்தது. வின்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. ஆள் பற்றாக்குறையும் முதுகுநோவும் மெய்யானவை. ஆகவே இயந்திரத்தை நாடியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். மற்றது கரை. கரைவலைக்கு நீண்ட வெறுங் கரை வேண்டும். நடுவே விடுதியின் வேலியொன்று நின்றால் இரு வரிசைகளும் எப்படி நெருங்கும்? கற்பிட்டித் தீவுகளுக்கெனப் பெருஞ் சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்டபோது, நிலமும் கரையும் பறிபோகும் என்று மீனவர் எதிர்த்தது வீண் பிடிவாதம் அன்று.

விடுதி முற்றத்தில் மாலை வேளையில் அம்பா பாடவைத்தால் கலையும் வாழும், பணமும் வரும் என்று சிலர் யோசனை கூறுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கயிற்றின் பாரம் இல்லாத இடத்தில் வாங்கல் எங்கே விழவேண்டும் என்பது பாடுகிறவருக்கே பிடிபடாது. ஒலிப்பதிவு செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் இதையே சொல்வேன்: பாட்டுக்காரரை வீட்டில் இருத்திப் பாடச் சொல்லாதீர்கள், வலை இழுபடும் நேரத்திற் கரைக்குப் போங்கள்.

பயணிக்கும் வழி கடினமானதன்று. சிலாபம் – புத்தளம் வீதியில் பத்துளுஓயாச் சந்தியில் மேற்கே திரும்பினால் உடப்பு. சோளகம் ஓய்ந்த மாதங்களில், விடியற் பொழுதில் போகவேண்டும். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கேட்டு அனுமதி பெற்று, கயிற்றின் கடைசியில் ஓரிடம் பிடித்துக்கொள்ளலாம். அடியெடுப்பவர் புதிதாய் வந்தவரைப் பற்றியும் ஓரடி கட்டக்கூடும்.