கத்தியும் இல்லை! எக்ஸ்ரேயும் இல்லை!

சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல்லை எடுப்பது எப்படி?

மதுரைச் சீமையில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மேலூர் பக்கம் கல் உடைப்பவர்களும், வாடிப்பட்டி பக்கம் வயலில் இறங்குபவர்களும் பகல் முழுவதும் வியர்வை சிந்துகிறார்கள். தண்ணீர் குடிப்பதோ குறைவு. அதனால் சிறுநீர் கெட்டிப்படுகிறது. அதில் உள்ள உப்புகள் திரண்டு கல்லாகின்றன. இதுதான் கல்லடைப்பு.

உயிர் போகும் வலி

சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு குழாய் செல்கிறது. நீளம் 25 முதல் 30 சென்டி மீட்டர். உள் அகலம் 3, 4 மில்லி மீட்டர்தான். அதில் கல் சிக்கினால் விலாவில் பிடித்த வலி அடிவயிறு வரை இழுக்கும்.

5 மில்லி மீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். பெரிய கல்லை எடுக்க முன்பு உடம்பைக் கீறினார்கள். இப்போது அந்த அவசியம் அநேகமாக இல்லை.

கண்ணாடி இழையின் மகிமை

பஞ்சாபில் பிறந்த விஞ்ஞானி நரீந்தர் சிங் கபானி, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தை அனுப்பலாம் என்று 1954-ம் ஆண்டில் காட்டினார். மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்! அந்த இழைகள் பிற்காலத்தில் சிறுநீர்க் குழாய்க்குள் செல்லும் மெல்லிய கருவிக்குக் கண்ணாக அமைந்தன.

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை உள்ளே செலுத்துகிறார்கள். கல்லைக் கண்ணால் கண்டு, லேசர் ஒளியால் உடைத்து, துண்டுகளை எடுத்து விடுகிறார்கள்.

எக்ஸ்ரே எதற்கு?

கருவி சரியான பாதையில் செல்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரே படத்தைத் திரையில் காண்பது வழக்கம். ஆனால் அந்தக் கதிர் அளவு மீறினால் ஆகாது. ஆபரேஷன் அறையில் தினமும் நிற்கும் டாக்டர்களும் நர்சுகளும் ஈயக் கவசம் அணிவது அதனால்தான். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கோ அதைத் தவிர்ப்பதே நல்லது.

கர்ப்பிணிக்குக் கல்லடைப்பு வந்தால் என்ன செய்வது? ஒலி அலையால் படம் காட்டும் ஸ்கேன் கை கொடுக்கிறது. முதலில் மெல்லிய கம்பியை வழிகாட்டியாகச் செலுத்துகிறார்கள். அதை ஒட்டி, கண்ணால் பார்த்தபடியே கருவி மேலே ஏறுகிறது. எங்காவது தடை தட்டினால் பலவந்தம் செய்வதில்லை. அங்கேயே நிறுத்தி விடுகிறார்கள்.

எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது. கல் மிக உயரத்தில் இருந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ எக்ஸ்ரே தேவைப்படலாம். ஆகவே அந்த இயந்திரத்தையும் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். தேர்ந்த கைதான் இதற்கு முக்கியம்.

தாமதம் ஆபத்து!

வலியுடன் குளிர் காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் நின்று போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கிருமி ஏறிய சிறுநீர் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்போது முதலில் தேங்கியதை வடிய விடுவார்கள். கல்லைப் பிறகுதான் எடுப்பார்கள்.

வாழைத்தண்டு நல்ல கறிதான். அதையே நம்பி, அடைத்த கல்லோடு நாட்களைக் கடத்தக் கூடாது. வலி தானாக நின்றாலும் கல் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வலி இல்லாமலே அடைப்பு நீடித்துச் சிறுநீரகம் கெட்டுவிடுவது உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரியல் பிரிவு இருக்கிறது.

வேலைக்குப் போகும்போது தூக்குவாளியில் கஞ்சி எடுத்துச் செல்கிறோம். கூடவே பெரிய பாட்டிலில் தண்ணீரும் போகட்டும். சிறுநீர் வெளுத்துப் போகும் அளவுக்குக் குடியுங்கள். உப்பைக் குறையுங்கள். கல் மீண்டும் வராமல் காக்க இதுவே சுலபமான வழி!