சந்துரு வக்கீல் ஆன கதை: ஜெய்பீமுக்கு முந்தைய வருஷங்கள்

2021ல் ஜெய்பீம் வந்த பிறகு நீதிபதி கே. சந்துரு பேரு தெரியாதவங்க குறைவு. எனக்கு ஆர்வம் அதுக்கு முந்தைய காலத்தில். சட்டம் படிச்சுட்டு வர்ற ஒருத்தர் எப்படி அந்த மாதிரி வழக்கறிஞரா உருவாகிறார்?

1971ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்கள் எதிர்த்தாங்க. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடைத்தது. அதை விசாரிக்க நீதிபதி என்.எஸ். ராமசாமி கமிஷன் அமைஞ்சது. அதில் மாணவர் தரப்பில் கலந்துகிட்ட சந்துரு அப்போ சட்ட மாணவர் கூட இல்லை. "நீ சட்டம் படிக்கலாமே" என்கிற யோசனையைச் சொன்னதே அந்த நீதிபதிதான். 1973ல் சென்னை சட்டக் கல்லூரி, 1976ல் வழக்கறிஞராகப் பதிவு. நெருக்கடி நிலை உச்சத்தில் இருந்த வருஷம்.

சேர்ந்த இடம் 'ராவ் அண்ட் ரெட்டி'. இந்த ராவ் யாருன்னு தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும். 1950ல் மதராஸ் அரசு, வி.ஜி. ராவ் பொதுச்செயலாளரா இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை சட்டவிரோதம்னு அறிவிச்சது. கெஜட்டில் ஒரு அறிவிப்பு போட்டாலே போதும், நீதிமன்றம் பார்க்க வேண்டாம் என்பதுதான் அன்றைய சட்டம். ராவ் தன் பேரிலேயே வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயிச்சார். அரசு மேல்முறையீடு செய்ய, 1952 மார்ச் 31ல் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயிச்சார். ஒரு கட்டுப்பாடு 'நியாயமானதா'ன்னு பார்க்க, பறிபோகும் உரிமை எது, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு, கட்டுப்பாடு அதுக்குப் பொருந்தற அளவில் இருக்கான்னு கேட்கணும் என்ற அளவுகோல் அங்கே பிறந்தது. இன்னைக்கும் அரசியல் சட்ட வழக்குகளில் எடுத்துக் காட்டுறாங்க. ஒரு ஜூனியருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா, தெரியலை.

முன் தீர்ப்புகளைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறது எப்படி உதவும் என்பதுக்கு 1993 ராஜாக்கண்ணு வழக்கே உதாரணம். ஆட்கொணர்வு மனு பொதுவா பிரமாணப் பத்திரங்களை வெச்சே முடியும். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது அபூர்வம். நெருக்கடி நிலையில் போலீஸ் பிடிச்சுட்டுப் போன கோழிக்கோடு இன்ஜினியரிங் மாணவர் ராஜன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 1977ல் அப்படி விசாரிச்சிருந்தது. அதைக் காட்டித்தான் இங்கேயும் சாட்சி விசாரணைக்கு வழி திறந்தது. (நம்ம பாஷையில் சொன்னா, பழைய கோடில் யாரும் கூப்பிடாம கிடந்த ஒரு ஃபங்ஷன்.)

ஆனா இந்த மாதிரி வழக்குக்கு ஃபீஸ் வராது. மனித உரிமை வழக்குகளுக்கு அவர் வாங்கினதும் இல்லை. அப்போ ஜூனியர் எதை வெச்சு சாப்பிடுவார்? முசரவாக்கத்தில் தறி ஓட்டுற குடும்பத்துப் பெண் ஒருத்தி, புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில் படிச்சு முடிச்சுட்டு, பொதுநல வழக்கு நடத்தும் சீனியர்கிட்ட சேரணும்னு வெச்சுக்கங்க. முதல் மூணு வருஷம் யார் தாங்குவாங்க? திறமையைவிட இதுதான் நிறைய பேரை வேற பக்கம் திருப்புதுன்னு நான் நினைக்கிறேன்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொட்டது. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது, சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய். மற்ற ஊர்களில் 15,000. காஞ்சிபுரம் இரண்டாவது வகை. இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியது சீனியர். ஃபீஸே வாங்காத சீனியரா இருந்தா?